மாடி முன்னறையில் இருபத்துநாலு மணி நேரம்

எங்கள் ஊரான வீரகேரளம்புதூரிலிருந்து குற்றாலத்துக்குப் போவதைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். மேற்கே மலையில் மேகம் இறங்குவது எங்கள் தெருவில் நின்றாலே தெரியும். "சாரல் விழுந்துட்டு" என்று ஒருவர் சொன்னால் போதும், மறுநாள் காலையில் பாதித் தெரு பஸ் ஏறிவிடும். அருவியில் குளிப்போம், கட்டுச்சோறு தின்போம், இருட்டுவதற்குள் வீடு திரும்புவோம். அங்கே தங்குவது என்ற எண்ணமே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

அந்த எண்ணம் எனக்கு வந்தது ஆபீசில். நான் திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பிங் ஹையரும் முதல் வகுப்பில் பாஸ். எங்கள் ஹெட் கிளார்க் குடும்பத்தோடு குற்றாலம் போய் ஒரு பழைய ஜமீன் பங்களாவில் தங்கிவிட்டு வந்தார். நெடுநாள் பூட்டிக் கிடந்து வௌவால் அடைந்திருந்த பங்களா அது. யாரோ வாங்கி, ஓடு மாற்றி, மரத்தையெல்லாம் இழைத்து வார்னிஷ் போட்டு ஹோட்டலாக்கியிருந்தார்கள். தேக்குப் படிக்கட்டையும் கலர்க் கண்ணாடியையும் அவர் ஒரு வாரம் வர்ணித்தார்.

"நாங்களும் ஒரு தடவை போகணும் சார்" என்றேன்.

"அதெல்லாம் உங்க வீட்டு ஆளுகளுக்குத் தோதுப்படாதும்மா. அதுக்கு ஒரு பழக்கம் வேணும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக உறுத்தியது. அன்று சாயங்காலமே ஹோட்டலுக்குக் கடிதம் டைப் செய்தேன். மாடி, முன்பக்க அறை, நான்கு பேர், இருபத்துநாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் ஹெட் கிளார்க் சொன்னது உண்மையாகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிக்கொண்டது.

நான்கு பேர் என்றால், ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் அப்பா, வீட்டில் பீடி சுற்றும் அம்மா, எங்களோடு இருக்கும் அப்பாவின் அக்காவான என் அத்தை, பிறகு நான். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா பீடி இலையும் தூளும் மடியில் வைத்துச் சுற்றும் சொளவும் ஒரு பையில் எடுத்து வந்திருந்தாள்.

"அங்க போயும் பீடியாம்மா?"

"சனிக்கிழம கணக்கு ஒப்படைக்கணும்லா. ஜமீன்தாரா வந்து சுத்தித் தரப்போறாரு?"

பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் வைப்பர் ஓடவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி நீட்டி ஓட்டினார். கடைசியில் கண்டக்டர் இறங்கி, கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துவிட்டு வந்தார். அப்படித் தேய்த்தால் தண்ணீர் ஒட்டாதாம். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "வண்டிக்கே வெத்தல போட்டு விடுதான் பாரு" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தென்காசியில் இறங்கியபோது பசி. காசிவிசுவநாதர் கோயிலில் அன்று மொட்டையாக நின்ற கோபுரம் இரண்டாகப் பிளந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. கோயில் வாசல் காற்று அத்தையின் சேலையைக் குடை மாதிரி விரித்தது. ரதவீதி கிளப்புக் கடையில் நுழைந்து இட்லி சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். இங்கே ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே எதைத் தின்கிறோம் என்று பார்க்காமல் ஆறு இட்லி தின்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலத்துக்குக் குதிரை வண்டி பிடித்தோம். பங்களா என்றதும் வண்டிக்காரர் தலையாட்டினார். ஊரில் எல்லாருக்கும் அது பங்களாதான். வண்டி மதிலை ஒட்டி வளைந்து, விறகு அடுக்கியிருந்த பின்கேட்டில் போய் நின்றது.

"இறங்குங்க. அடுப்படி இந்தப் பக்கம்தான்" என்றார்.

அப்பா இறங்கக் காலை நீட்டிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, நாங்க வேலைக்கு வரல. தங்க வந்திருக்கோம். வண்டியத் திருப்புங்க."

"நடந்தாலும் போயிரலாம் தாயி, இந்தா அங்கன…"

"வண்டியிலதான் போவோம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். முன்வாசலில், தூண்களுக்கு நேரே, கார் நிற்கும் இடத்தில் குதிரை நின்றது. அங்கேயே சாணியும் போட்டது. அத்தை, "போட்டும், நல்ல சகுனம்" என்றாள்.

உள்ளே தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பாவும் அம்மாவும் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டார்கள். மேனேஜர் தென்காசிக்காரர், நெற்றியில் சந்தனம். என் கடிதத்தை ஃபைலில் தேடி எடுத்துப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"இத டைப் பண்ணி அனுப்புனது யாரு?"

"நான்தான் சார்."

பெரிய ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்தார். பெயர், ஊர், தொழில், வந்த நேரம், கையெழுத்து. அதற்கும் பிறகு, புறப்பட்ட நேரம், மறுபடி கையெழுத்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 'பகல் 1.40' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதி முடிக்கும்வரை மூச்சுவிடாமல் பார்த்தார்.

மாடி முன்னறை நான் நினைத்ததைவிடப் பெரியது. எங்கள் வீடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், மாட்டுக் கொட்டிலும் சேர்த்து. நான்கு கால் நட்டு மேலே சட்டம் போட்ட இரண்டு கட்டில்கள். ஜன்னலுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. பால்கனியில் நின்றால் பேரருவி வெள்ளையாக விழுவது தெரிந்தது. அம்மா மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். உட்காரவில்லை. அத்தை குளியலறைக்குள் போய் உடனே வெளியே வந்தாள்.

"ஏட்டி, உள்ள ஒரு நாற்காலி இருக்கு. நடுவுல ஓட்ட."

"அதுதான் அத்த, கக்கூஸ்."

"உக்காந்துகிட்டா? அப்பம் ஜமீன்தாரு வேலையே செய்யமாட்டாரு போல."

கதவின் உட்புறம் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் விதிகள் ஒட்டியிருந்தன. அப்பா கேட்டதால் சத்தமாக வாசித்தேன். அறையில் சமைக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு தரையிலோ மெத்தையிலோ உட்காரக் கூடாது. ஒரு நாள் என்பது வந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். புறப்படும்போது ரிஜிஸ்தரில் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காதே என்றால் எப்படி என்று அத்தை சட்டத்தோடு சண்டை பிடித்தாள். அருவிக்கரையில் போய்த் தேய்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

நான் முன்னால் இறங்கிப் போய், ரோட்டோரக் கடையில் நல்லெண்ணெயும் சீயக்காயும் வாங்கிக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் மூன்று பேரும் வந்தார்கள். பைகள், பாய், பீடிச் சொளவு எல்லாமே அவர்கள் தலையிலும் கையிலும் இருந்தன.

"எதுக்குப்பா எல்லாத்தையும் தூக்கிட்டு வந்தீக?"

"விட்டுட்டு வந்தா யாரு பாக்க?"

பூட்டின அறையில் வைத்தால் யார் எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர்களை அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை.

பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நின்றோம். தண்ணீர் முதுகில் விழவில்லை, அறைந்தது. பக்கத்தில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு மலையாளப் பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் கத்தினாள். எனக்குப் புரிந்த அளவில், "என் மாமியார் பத்து வருஷத்தில் கொடுத்ததை இது ஒரு நிமிஷத்தில் கொடுக்கிறது" என்றாள். அதை அத்தையிடம் சொன்னேன். அத்தை அவளைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு மலையாளம் தெரியாது. இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

ஈரம் மாற்றி, நேந்திரங்காய் வறுவலும் மிளகாய் பஜ்ஜியும் தின்று, மங்குஸ்தான் பழத்தை உடைத்து ஆளுக்கு இரண்டு சுளை வாயில் போட்டுக்கொண்டு திரும்பும்போது ஆறு மணி. வெளிச்சம் இருந்தது. தூரத்திலிருந்தே எங்கள் பால்கனியைப் பார்த்தேன். கம்பியில் யாருடைய வேட்டியோ காய்ந்துகொண்டிருந்தது.

மாடிக்கு ஓடினேன். எங்கள் அறை வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. உள்ளே மலையாளப் பேச்சு. கீழே இறங்கி வந்தேன்.

"சார், எங்க ரூம்ல ஆள் இருக்கு."

மேனேஜர் என்னைவிட அதிகமாகத் திகைத்தார். "நீங்க காலி பண்ணிட்டுப் போயாச்சே? பெரியவரு சாவியக் கையில குடுத்து, 'ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, வாறோம்'னு சொன்னாரே. ரூம வேற கூட்டி வச்சிருந்தாரு. சீசன் நேரம், உடனே ஆள் வந்துட்டு, குடுத்துட்டேன்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்.

அப்பா திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர். வழியில் சத்திரங்களில் தங்குவார். அங்கே குளிக்கப் போகும்போது சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு, தங்கின இடத்தைக் கூட்டிவிட்டு, சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் மரியாதை. திரும்பி வந்ததும் அதே சாவி அதே கைக்கு வந்துவிடும். ஹோட்டலிலும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

"வாறோம்னுதானய்யா சொன்னேன்" என்றார் அப்பா. குரல் உள்ளேயே இருந்தது. "போறோம்னா சொன்னேன்?"

"போறவங்க யாரு அண்ணாச்சி போறோம்னு சொல்லுவா? எல்லாரும் வாறோம்னுதான் சொல்லுவா."

இரண்டு பேர் பேச்சும் சரிதான். அதுதான் கஷ்டம்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வந்தவங்க குடும்பத்தோட இருக்காங்க. இனிமே கிளப்ப முடியாது. பின்கட்டுல ஒரு ரூம் இருக்கு, அடுப்படிக்குப் பக்கத்துல. பாயெல்லாம் போட்டுத் தரச் சொல்லுதேன். இன்னிக்கு ஒரு ராத்திரி கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க."

அவர் முடிப்பதற்குள் அப்பா பையைத் தூக்கிவிட்டார். அம்மா சொளவை எடுத்துவிட்டாள். ஒதுங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் கை தானாகச் சாமானைத் தேடும். மில் முதலாளி கார் வந்தால் ஒதுங்குவார்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர்களுக்கு ஒதுங்குவார்கள், பஸ்ஸில் ஒதுங்குவார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

"பையக் கீழ வைங்கப்பா."

"விடுட்டி. தப்பு நம்ம மேலதான."

"கீழ வைங்க." பிறகு மேனேஜரிடம், "சார், ரிஜிஸ்தரக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

திறந்தார். என் பெயர், 1.40, என் கையெழுத்து. புறப்பட்ட நேரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே மலையாளக்காரர் பெயரை எழுதியிருந்தார்கள்.

"நாங்க புறப்படல சார். புறப்பட்டா இங்க என் கையெழுத்து இருக்கணும். கதவுல நீங்கதான் எழுதி ஒட்டியிருக்கீங்க."

அவர் சட்டென்று பேனாவின் மூடியைத் திருகினார். "அதுக்கென்ன, இப்பப் போட்டிருங்க. சாவி குடுத்த நேரம் மூணரைன்னு எழுதிக்கிடலாம்."

பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு முதல் பள்ளிக்கூடச் சேர்க்கை வரை எல்லாவற்றிலும் மைபூசின கட்டைவிரல்தான். எங்கே வைக்கச் சொன்னாலும் வைப்பார்கள். வைக்க மாட்டேன் என்று சொல்ல முடிவது கையெழுத்து விஷயத்தில் மட்டும்தான்.

"போடமாட்டேன் சார். நாளைக்குப் பகல் ஒண்ணு நாப்பதுக்குப் போடுதேன்."

"பிடிவாதம் பிடிக்காதீங்கம்மா. மத்த கெஸ்ட் எல்லாம் பாக்காங்க."

உண்மைதான், படிக்கட்டில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அத்தை அந்த நேரம் பார்த்து, ஹாலில் வெல்வெட் போட்ட சோபாவில் போய் உட்கார்ந்தாள். தலையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. தலையைச் சாய்ப்பதற்கு இடம் பார்ப்பவள் மாதிரி மெல்லப் பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ, ஆச்சி! அது புதுத் துணி!"

"ஆச்சியா? எனக்கு இன்னும் தலையே நரைக்கல." அத்தை அசையவில்லை. "ரூம் ரெடியாவட்டும். நான் இங்கன இருக்கேன்."

அப்போது மாடியிலிருந்து அந்த மலையாளக்காரர் வெந்நீர் கேட்டு இறங்கி வந்தார். கூடவே அவர் மனைவி. அருவியில் மாமியாரைப் பற்றிச் சொன்னாளே, அவளேதான். அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன், மெதுவாக, அவருக்குப் புரியும்படி. அவர் மேனேஜரிடம் பேசியதில் பாதி எனக்கு விளங்கியது. "இவர்கள் வரி இங்கே முடியவில்லையே, என் பெயரை எப்படி அடுத்த வரியில் எழுதினாய்? இன்னொருத்தர் பெயரில் இருக்கும் கட்டிலில் என் மனைவியைப் படுக்க வைப்பேனா?" பிறகு மேஜையில் ஓங்கித் தட்டி, தனக்கும் மாடி முன்பக்கத்தில்தான் வேண்டும் என்றார்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து வேறொரு சாவியை எடுத்தார். முதலாளி வந்தால் தங்குவதற்கென்று பூட்டி வைத்திருந்த மூலை அறை. எங்களுக்குக் கொடுக்க இல்லாத அறை அவர் மேஜையைத் தட்டியதும் பிறந்துவிட்டது. எனக்கு அதில் கோபம்தான். ஆனாலும் கால் மணி நேரத்தில் எங்கள் அறை எங்களுக்கு வந்தது. இந்த முறை சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

இராச் சாப்பாடு கீழே, நீள மேஜையில். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். சொதி எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டு மறுநாள் விருந்துச் சாப்பாடு. இங்கே சாதாரண வெள்ளிக்கிழமைக்கே ஊற்றினார்கள். முள்கரண்டியை அத்தை எடுத்துப் பார்த்து, "முதுகு சொறியவா?" என்றாள். எதிரே இருந்த மலையாளப் பெண்ணுக்கு அது புரிந்து புரையேறியது. அப்பா மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

படுக்கும் நேரம் அம்மாவும் அத்தையும் ஒரு கட்டிலில் ஏறினார்கள். இன்னொன்று அப்பாவுக்கு என்றேன். அவர் துண்டை உதறித் தரையில் விரித்தார்.

"ஏம்ப்பா?"

"எனக்கு இதுதான் வாகா இருக்கு. நீ படு."

நான் தனியாக அந்தப் பெரிய மெத்தையில் படுத்தேன். அறையை மீட்டுவிட்டேன், அப்பாவை அதற்குள் கொண்டுவர முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்தபோது அம்மா பால்கனியில் அருவியைப் பார்த்தபடி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையைப் பார்க்காமலே விரல் ஓடியது. தூள் தரையில் சிந்தாமல் கீழே பேப்பர் விரித்திருந்தாள். காப்பி வந்தது. அத்தை மூலை அறைக்குப் போய்விட்டாள், மொழி தெரியாத சிநேகிதியோடு பேச.

பத்தே கால் மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அப்பா போய்த் திறந்தார். மேனேஜர். நேற்றைய கோபம் எதுவும் முகத்தில் இல்லை, சிரிப்பு மட்டும்.

"அண்ணாச்சி, கீழ ஒரு பார்ட்டி மதுரையிலேருந்து வந்து காத்திருக்கு. சின்னப் பிள்ளைக வேற. பதினோரு மணிக்குள்ள கொஞ்சம் ஒதுங்கிக் குடுத்தீங்கன்னா…"

நான் கட்டிலிலிருந்து எழுந்தேன். பதில் எனக்குத் தயாராக இருந்தது. அதற்குள் அப்பா பேசினார்.

"ஒண்ணு நாப்பதுக்கு வாங்க."

மேனேஜர் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"அவளப் பாக்காதீங்க. நான்தான சொல்லுதேன். ஒண்ணு நாப்பது வரைக்கும் இங்கனதான் இருப்போம்."

கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா பால்கனியிலிருந்து தலையை நீட்டி, "யாரு வந்தது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல." பிறகு என்னிடம், "இப்ப மணி எத்தனை?"

"பத்தேகால்."

"அப்பம் இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு?"

"மூணு மணி இருபத்தஞ்சு நிமிஷம்."

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துத் தலையணையில் வைத்தார். மெத்தையில் முதலில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். பிறகு காலைத் தூக்கி மேலே வைத்து, கட்டிலின் நடுவில், நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.